அப்பாவுக்கு ஏற்ற பாடம்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்க முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது, ‘எந்தப் பாடத்திட்டம் எடுக்கலாம்?’ என்றுதான். தேசியத் திறந்தநிலைப் பள்ளியா, கேம்பிரிட்ஜா, நாமே தொகுத்துக்கொள்வதா? புதுக் கேள்வி போலத் தெரிந்தாலும் இது பழைய வழக்கு. விருதுநகர் மாவட்டத்துக்கும் அதில் பங்குண்டு.

1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ மாவட்டந்தோறும் பள்ளிக் கணக்குக் கேட்டார். வந்த கணக்கில் சென்னையில் மட்டும் வீட்டில் படித்தவர்கள் 26,963 பேர். பள்ளியில் படித்தவர்களைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. மன்றோவே அந்த எண்ணை முழுசாக நம்பவில்லை. பாதியைத் தள்ளினாலும் வீட்டுப் படிப்பு அன்று அதிசயமில்லை.

திண்ணைப் பள்ளியும் ஏறக்குறைய வீடுதான். மணலில் விரலால் அரிச்சுவடி, பிறகு ஓலை, ஆத்திசூடி, எண்சுவடி. ஒருவன் முந்திரியில், அதாவது 320-இல் ஒரு பங்கில், தடுக்கி நிற்பான்; பக்கத்தில் இருப்பவன் மாகாணி வாய்பாட்டை முடித்திருப்பான். அவனவன் வேகம் அவனவனுக்கு. இன்று இதைத்தான் பெரிய கட்டணம் வாங்கிக்கொண்டு விற்கிறார்கள். ஆனால் மனப்பாடம் பிசகினால் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் அங்கே இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் திண்ணையே கிடையாது.

1953-இல் ராஜாஜி கிராமத்துத் தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றார். கட்டடமும் ஆசிரியரும் போதாத காலம், காரணம் பொய்யில்லை. ஆனால் குயவர் பிள்ளைக்குச் சக்கரம், சலவைத் தொழிலாளி பிள்ளைக்கு வெள்ளாவி என்றுதானே அது முடியும்? ‘குலக்கல்வி’ என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கொதித்தெழுந்தார்கள். 1954-இல் ராஜாஜி விலக, ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதி எம்.பி.யாக இருந்த காமராஜர் முதல்வராகி அத்திட்டத்தைக் கைவிட்டார்.

வீட்டில் கற்பது அதன் பிழையில்லை. பிள்ளைக்கு ஏற்றது எது என்பதை அப்பாவின் தொழிலைப் பார்த்து முடிவுசெய்ததே பிழை. இன்று தொழில் இருந்த இடத்தில் அப்பாவின் கொள்கை உட்கார்ந்திருக்கிறது. மதிப்பெண் ஓட்டத்தில் நொந்துபோன பொறியாளர், தேர்வே இல்லாத பாடத்திட்டத்தைத் தேடுகிறார். நொந்தது அவர், படிக்கப்போவது மகள்.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்து அய்யனார் கோவிலுக்கு மூன்று பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக வைத்துக்கொள்வோம். ஒருத்தி கிளைகளுக்கு நடுவே சாம்பல் நிற அணிலின் கூட்டைத் தேடுவாள். அடுத்தவன், ‘இங்கே வெயில் அடிக்கும்போது ஆற்றைக் கடக்க வனத்துறை ஏன் விடமாட்டேன் என்கிறது?’ என்பான், மலைமேல் பெய்த மழையிலிருந்து அவனுக்குப் புவியியலைத் தொடங்கலாம். மூன்றாமவன் கொசுக்கடி தாங்காமல், ‘எப்போ வீட்டுக்குப் போறோம்?’ என்பான். அவனுக்குக் காட்டுக் கல்வியும் கோதண்டம்தான். கணக்குப் புத்தகத்தோடு அறையில் விட்டால் அவன் பாட்டுக்கு இருப்பான்.

ஆகவே ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிடாமல், ஒரு பருவம் நடத்திப் பார்ப்பது நல்லது. திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயதாக வேண்டும். அதுவரை மாற்றிப் பார்க்க நேரம் இருக்கிறது. நடுவில் பிள்ளை பள்ளிக்கே போகிறேன் என்றாலும் வழி உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 வயது தாண்டிய பிள்ளை இதுவரை பள்ளி வாசலை மிதிக்காமல் இருந்தாலும், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.