‘டாட் எடு’ லிங்குக்கு 480 பிராங்கா?

போன எபிசோடில கூகுள் தேடலைப் பற்றிக் கதைச்சம் இல்லையா? அதைக் கேட்டுட்டு, பூம்ப்ளிஸில் விழாக்களுக்குச் சாப்பாட்டு ஓர்டர் எடுத்துச் செய்கிற ஒரு அங்கிள் போன் எடுத்தார். "தம்பி, 50 அமெரிக்க யூனிவர்சிட்டி லிங்க் தாறாங்களாம், 480 பிராங். கூகுளில முதல் பக்கத்தில வருமாம். கட்டட்டோ?"

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது கேட்டிருப்பார்கள். ஜெர்மன் கடிதம் வாசிச்சுச் சொல்லுறதும் நாங்கள்தான், ஒன்லைன்ல ஏமாறாமல் பாக்கிறதும் நாங்கள்தான். கட்ட வேண்டாம் எண்டு சொன்னன். ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன், அடுத்த போன் உங்களுக்கு வரலாம்.

இந்த நம்பிக்கை சும்மா வரவில்லை. 1998ல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் எழுதிய பேஜ்ராங்க், ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் வழக்கத்திலிருந்து எடுத்த யோசனை. உங்களுக்கு லிங்க் தரும் பக்கத்துக்கே நிறைய லிங்க் இருந்தால், அதன் சொல்லுக்குப் பாரம் அதிகம். பல்கலைக்கழகத் தளங்களுக்கு உலகம் முழுக்க லிங்க் இருக்கும். அதனால் அவை பலமாக இருந்தன. மற்றபடி டொமைனின் கடைசி மூன்று எழுத்தில் ஒரு மந்திரமும் இல்லை. கூகுள் சுவிஸின் ஜோன் முல்லரே இதைப் பல முறை பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. அந்தக் கணக்கில் ஒரு பக்கத்தின் பலம் அதிலுள்ள லிங்குகளுக்கெல்லாம் பங்கு பிரியும். 50 லிங்க் விற்கிறவர் உங்களைப் பல்கலைக்கழகத்தின் முகப்பில் போடப் போவதில்லை. கைவிடப்பட்ட மாணவர் வலைப்பூ, ப்ரொஃபைல் பக்கம், முன்னூறு பேர் வரிசையில் நிற்கிற ‘உதவித்தொகை’ பட்டியல், இப்படி ஏதாவது ஒன்றில்தான் போடுவார். அந்தப் பக்கங்களை யாரும் பார்ப்பதும் இல்லை, அவற்றுக்கு யாரும் லிங்க் தருவதும் இல்லை. பங்கு பிரிக்க அங்க என்ன இருக்கு? போதாததற்கு, 2005ல் வந்த ‘நோஃபாலோ’ குறி பல இடங்களில் போட்டிருக்கும்.

இதைப் பெரிய அளவில் செய்து மாட்டுப்பட்டவர்களும் இருக்கினம். அமெரிக்க ஒன்லைன் கடையான ஓவர்ஸ்டாக், மாணவர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் விலைக்கழிவு கொடுத்து, பதிலுக்குப் பல்கலைக்கழகத் தளங்களில் லிங்க் வாங்கியது. 2011 பெப்ரவரியில் கூகுள் அதைத் தேடல் முடிவுகளில் கீழே தள்ளியது. பழைய நிலைக்கு வர இரண்டு மாதமளவு எடுத்தது. அவ்வளவு பெரிய கடை தாங்கும். கிச்சனில மூன்று பேரோட நடக்கிற கேட்டரிங் தாங்குமா?

அதோட, 2001க்குப் பிறகு ‘டாட் எடு’ புதிதாகக் கிடைப்பது அங்கீகாரம் பெற்ற அமெரிக்க நிறுவனங்களுக்கு மட்டும்தான். பேர்ன் பல்கலைக்கழகம் ‘டாட் சிஎச்’. அங்கிளின்ர தளமும் ‘டாட் சிஎச்’தான்! பிறகு எதுக்கு அவருக்கு அமெரிக்கா?

கல்வித்தள லிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இருக்கிறது. தமிழ் படிக்கிறவர்கள் அதற்கு லிங்க் கொடுப்பது அது தேவைப்படுவதால், காசுக்கு இல்லை. நாளைக்கு பேர்ன் மாணவர் சங்கம் ஒன்று அங்கிளின் கொத்து ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுத் தங்கள் பக்கத்தில் அவர் பெயரைப் போட்டால், அது நல்ல லிங்க். அதைப் பார்த்து ஓர்டர் கூட வரும்.

‘கேட்டரிங் பூம்ப்ளிஸ்’ என்று தேடுகிறவருக்குக் கூகுள் பார்ப்பது பொருத்தம், தூரம், எவ்வளவு அறியப்பட்ட இடம் என்ற மூன்றையும்தான். அதனால் சனிக்கிழமை அங்கிளின் வீட்டுக்குப் போய் அவருடைய கூகுள் வணிகப் பக்கத்தைத் திறந்தேன். பழைய போன் நம்பர். ஒரு சாப்பாட்டுப் படமும் இல்லை. திறக்கும் நேரம் கொரோனா காலத்தில் போட்டது. எல்லாம் திருத்தி முடிய இருபது நிமிஷம் போச்சு, ரெண்டு ரோல்ஸும் தந்தார்.