திண்ணைக்கு வந்த உள்வீடு



சிவகங்கைக்கு அருகிலுள்ள நாட்டரசன்கோட்டையின் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று விளங்கும். அவற்றைக் கட்டியவர்கள், யார் எதுவரை வரலாம் என்பதை முடிவு செய்த பின்னரே கடைக்கால் தோண்டியிருக்கிறார்கள். வழிப்போக்கர் திண்ணையில் அமரலாம். கணக்குவழக்குப் பேச வந்தவர் முகப்போடு நின்றுகொள்வார். வளவுக்குள் உறவினர் வருவர். அதற்கும் அப்பாலுள்ள கட்டுகளும் அடுப்படியும் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியவை.

அவை நகரத்தார் கட்டிய வீடுகள். ஆயினும் அந்த ஒழுங்கு நமக்கு அந்நியமானதன்று. காயல்பட்டினத்தில் பெண்கள் தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு சென்றுவர முடுக்குகள் உண்டு. பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று, ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான் (24:27). ஒரே வீட்டில் வாழும் பருவமடையாத பிள்ளைகளும் நாளில் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே பெரியவர்களிடம் வரவேண்டும் என்று அதே அத்தியாயம் கற்பிக்கிறது (24:58).

இன்று கதவுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. உள்கட்டில் நடப்பதுதான் அரை நிமிடக் காணொளியாகி வெளியே வந்துவிடுகிறது. குழந்தை குளிப்பதும், மகள் பெருநாள் உடையில் சுற்றிக் காட்டுவதும், உறங்கும் தாத்தாவைத் திடுக்கிட வைப்பதும், பெண்கள் பகுதியில் மணப்பெண்ணின் கைகளில் மருதாணி இடுவதும் முன்பின் அறியாதவர் கண்களுக்கு விருந்தாகின்றன. படம் எடுப்பது கூடுமா கூடாதா என்ற விவாதத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பதிவேற்றப்படும் அந்த முகம் யாருடையது? அதைக் கொடுக்க நமக்கு அதிகாரம் தந்தவர் யார்?

மதுரையில் விழுந்த தடை

இக்கேள்வி ஒருமுறை நீதிமன்றம் ஏறியது. அதுவும் சிவகங்கை மாவட்டம் அடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில். 2019 ஏப்ரல் 3 அன்று நீதியரசர்கள் என். கிருபாகரனும் எஸ்.எஸ். சுந்தரும் அடங்கிய அமர்வு, டிக்டாக் செயலியைப் பதிவிறக்கம் செய்வதைத் தடுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. அதில் எடுக்கப்பட்ட காணொளிகளை ஊடகங்கள் ஒளிபரப்பவும் தடை விதித்தது. பிள்ளைகளின் இணையத் தனியுரிமையைக் காக்க அமெரிக்காவில் உள்ளதைப் போன்ற சட்டத்தை இங்கும் இயற்றுவீர்களா என்றும் வினவியது.

நீதிமன்றத்தின் கவலை ஆபாசம் மட்டுமன்று. பிள்ளைகள் அறிமுகமற்றவர்களோடு தொடர்புகொள்ள நேரும் ஆபத்தையும் அது சுட்டியது. ஒருவரை அவர் அறியாமல் ஏமாற்றியும் அதிர்ச்சியூட்டியும் கேலிப்பொருளாக்கிப் படமெடுப்பது அவரது தனியுரிமையை மீறுவதாகும் என்றும் கூறியது. நமக்கு இது புதிய பாடமா? ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது (49:11). பயணத்தில் உறங்கிக்கொண்டிருந்த தோழரின் கயிற்றைச் சிலர் விளையாட்டாக எடுக்க, அவர் பதறி விழித்தார். ஒரு முஸ்லிமைப் பீதிக்குள்ளாக்குவது ஆகுமானதன்று என்று நபி (ஸல்) அவர்கள் அப்போது தடுத்ததை அபூதாவூத் பதிவுசெய்கிறது. வேடிக்கைக்குத்தானே என்ற சமாதானம் அன்றே ஏற்கப்படவில்லை.

தடை நீடிக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு மீண்டும் மதுரைக்கே திரும்ப, ஏப்ரல் 24 அன்று நிபந்தனைகளுடன் தடை நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வேறொரு காரணத்தால் அச்செயலியே நாட்டைவிட்டுப் போயிற்று. எல்லைப் பதற்றத்தின் நடுவே, 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை இந்திய அரசு தடைசெய்தது.

அதனால் வழக்கம் மாறியதா? ஜூலை 8 அன்று இன்ஸ்டாகிராம் தன் ரீல்ஸை இந்தியாவில் அறிமுகம் செய்தது. இடையில் ஒன்பதே நாள்கள். அவ்வாண்டு செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை இந்தியாவிலிருந்தே தொடங்கியது. கடை மாறியது, சரக்கு மாறவில்லை. ஒரு செயலியைத் தடுத்தால் தீமை நீங்கிவிடும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அந்த ஒன்பது நாள்களே போதிய பாடம்.

சட்டத்தின் கடைசி வாசல்

மதுரை அமர்வு சுட்டிய அமெரிக்கச் சட்டம், 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களைத் திரட்டுமுன் பெற்றோரின் அனுமதியைப் பெறவேண்டும் என்கிறது. அதை மீறியதற்காக, பின்னாளில் டிக்டாக்குடன் இணைந்த மியூசிக்கலி என்னும் செயலியின் பேரில் 57 லட்சம் டாலர் அபராதம் கட்ட 2019 பிப்ரவரியில் அந்நிறுவனம் உடன்பட்டது. நம் நாட்டில் 2023இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர் அனைவரையும் குழந்தை என்றே வரையறுத்து, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியா இன்னும் ஒருபடி மேலே சென்று, 16 வயதுக்குட்பட்டோர் முதன்மையான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதையே 2025 டிசம்பர் 10 முதல் தடுத்துள்ளது.

முதல் இரண்டு சட்டங்களையும் கூர்ந்து பாருங்கள். இரண்டும் இறுதியில் வந்து நிற்பது பெற்றோரின் வாசலில்தான். நிறுவனத்திடமிருந்து பிள்ளையைக் காக்கும் காவலராகப் பெற்றோரையே அவை அமர்த்துகின்றன. காவலரே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, "இன்னொருமுறை சிரி கண்ணு" என்று கேட்டால், பிள்ளை யாரிடம் முறையிடும்?

இந்த ஓட்டையைப் பிரான்ஸ் கண்டுகொண்டது. காணொளிகளில் தோன்றி வருவாய் ஈட்டும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக 2020 அக்டோபரில் அந்நாடு ஒரு சட்டம் இயற்றியது. வருவாயின் ஒரு பகுதி பிள்ளை வளரும்வரை தனிக் கணக்கில் இருக்கவேண்டும். தன் காணொளியை நீக்குமாறு பெற்றோரின் சம்மதமின்றியே பிள்ளை கோரலாம். 2024இல் வந்த மற்றொரு சட்டம், பிள்ளையின் உருவத்தின் மீதான உரிமையைக் காப்பது பெற்றோரின் கடமை என்று எழுதிவைத்தது.

உருவமும் உரிமையும் என்ற சொற்கள் புதியவை, பொறுப்பு பழையது. அநாதைகளின் பொருளை அவர்கள் பக்குவமடையும்வரை காத்து, சாட்சிகளின் முன் ஒப்படைக்கச் சொல்கிறது திருக்குர்ஆன் (4:6). பிறர் பிள்ளையின் பொருளுக்கே அத்தனை கணக்கு உண்டென்றால், நம் பிள்ளையின் முகத்துக்கும் மானத்துக்கும் கணக்கு இல்லாமற் போகுமா? நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், உங்கள் பொறுப்பிலுள்ளோர் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்திலமைந்த நபிமொழியை ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். அந்தப் பொறுப்பில் பதிவேற்றமும் அடங்கும்.

யஃகூப் நபி மகனுக்குச் சொன்னது

பதினொரு விண்மீன்களும் சூரியனும் சந்திரனும் தமக்குப் பணியக் கண்ட கனவை யூசுஃப் (அலை) தம் தந்தையிடம் கூறினார்கள். மகிழத்தக்க கனவு. யஃகூப் (அலை) அதை ஊரறியச் சொல்லவில்லை. உன் சகோதரர்களிடம்கூட இதைக் கூறாதே என்றே மகனை எச்சரித்தார்கள் (12:5). அக்கனவில் மறைக்கவேண்டிய பிழை ஒன்றும் இல்லை. இருந்தும், எல்லா நன்மையும் எல்லாக் கண்களுக்கும் உரியதன்று என்பதை அந்தத் தந்தை அறிந்திருந்தார்.

நம்மில் பலர் கூறும் நியாயம் இதுதான்: "நாங்கள் தவறான எதையும் போடவில்லையே! பிள்ளை கிராஅத் ஓதுகிறது, மதரஸா ஆண்டுவிழாவில் பேசுகிறது." உள்ளடக்கம் நல்லதாக இருக்கலாம். அப்போதும் மூன்று கேள்விகள் மிஞ்சுகின்றன.

ஒன்று, பிள்ளையின் நிய்யத். ஓதி முடித்தவுடன் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எட்டு வயதில் கேட்கப் பழகிய பிள்ளை, யாருக்காக ஓதுகிறது? பிறர் காணத் தொழுவோரைத் திருக்குர்ஆன் கண்டிக்கிறது (107:4-6). அந்த முகஸ்துதியின் விதையை நம் கையாலேயே ஊன்றலாமா?

இரண்டு, பிள்ளையின் பாதுகாப்பு. சீருடையும் பள்ளியின் பெயர்ப்பலகையும் தெருமுனையும் ஒரே காணொளியில் தெரிந்தால், பிள்ளை எந்நேரம் எங்கிருக்கும் என்பதை அந்நியனுக்கு நாமே அறிவித்தவர்களாவோம்.

மூன்று, பிள்ளையின் நாளை. இன்று மழலை என்று நாம் ரசிப்பதை, பதினைந்து வயதில் வகுப்புத் தோழர்கள் தேடியெடுத்துச் சிரிக்கும்போது அந்த வெட்கத்தைச் சுமப்பது பிள்ளைதான்.

வளைகுடாவில் உழைக்கும் தந்தைக்குப் பிள்ளையின் முதல் நடையைக் காட்ட வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் காட்ட வேண்டும். அதற்குத் தனிச்செய்தி இருக்கிறது, காணொளி அழைப்பு இருக்கிறது. அத்தா பார்ப்பதற்கு அகிலமும் பார்க்க வேண்டியதில்லை.

மேடைக்கு நாம் அஞ்சியவர்கள் அல்லர்

இதைக் கூறுவதால் புதிய கருவிகளுக்கு நாம் பகைவர்கள் என்று எவரும் எண்ண வேண்டாம். அச்சு ஊடகம் நம்மிடம் வந்தபோது பா. தாவூத்ஷா 'தாருல் இஸ்லாம்' இதழை நடத்தினார். இசைத்தட்டும் ஒலிநாடாவும் வந்தபோது நாகூர் ஹனீஃபாவின் குரல் தமிழகமெங்கும் ஒலித்தது. நாட்டரசன்கோட்டையில் நினைவிடம் கொண்ட கம்பனைத் தமிழ் மேடைகளில் ஆழ்ந்து பேசியவர், சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கிய மு.மு. இஸ்மாயீல். இவர்கள் பொதுமன்றத்துக்குக் கொண்டுவந்தவை கல்வியும் குரலும் உழைப்பும். இன்றும் ஒரு தையற்கலைஞர் தன் வேலையைக் காட்டி விற்கலாம், ஓர் ஆசிரியர் தஜ்வீதை விளக்கலாம், ஒரு மாணவர் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முறையைச் சொல்லித்தரலாம். திறமையைத் திண்ணைக்குக் கொண்டுவருவது வேறு. உள்வீட்டைத் திண்ணைக்குக் கொண்டுவருவது வேறு.

நம் கையில் உள்ளவை

முதலாவதாக, கேட்கும் பழக்கம். விவரம் தெரிந்த பிள்ளையாயின், "இதைப் போடட்டுமா?" என்று கேட்போம். வேண்டாம் என்றால் அத்தோடு நிறுத்துவோம். தன் மறுப்புக்கு வீட்டில் மதிப்பிருப்பதைக் கண்ட பிள்ளையே நாளை வெளியாரிடமும் துணிந்து மறுக்கும். விவரம் தெரியாத குழந்தையாயின் போடாதிருப்பதே அமானிதம்.

இரண்டாவதாக, திருமணங்கள். பெண்கள் பகுதியில் கைப்பேசியில் படமெடுக்க வேண்டாம் என்று நிக்காஹ் அழைப்பிதழிலேயே ஒரு வரி சேர்க்கலாம். ஜமாஅத் நிர்வாகிகள் மண்டபத்தில் அறிவிக்கலாம். விருந்துக்கு வந்த பெண், பார்வைக்கு வைக்கப்பட வந்தவள் அல்லள்.

மூன்றாவதாக, தர்மம். ரமளானில் அரிசிப் பை வாங்குபவரின் முகத்தைக் காட்டும் காணொளிகள் பெருகியுள்ளன. தர்மத்தை வெளிப்படையாகச் செய்வது நன்றே. மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்கிறது இறைவேதம் (2:271). சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்குவதையும் தடுக்கிறது (2:264). நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டப் பைகளின் படம் போதும். வாங்கும் கைக்குரியவரின் முகம் தேவையில்லை.

நான்காவதாக, வயது. இத்தளங்களில் கணக்குத் தொடங்க 13 வயது நிரம்பியிருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்த ஆண்டை மாற்றித் தட்டித்தரும் பெற்றோர், பிள்ளையின் கண்முன்னே பொய்யை எழுதுகிறார்கள். ஏதோ தருவதாகப் பிள்ளையை அழைத்த தாயிடம், ஒன்றும் கொடுத்திராவிட்டால் அது உன்மீது ஒரு பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதை நினைவிற்கொள்வோம்.

ஐந்தாவதாக, ஏற்கெனவே போட்டவை. இன்றிரவே ஒருமுறை பின்னோக்கிப் பார்த்து, பிள்ளையின் மானத்தைத் தொடும் காணொளிகளை நீக்கலாம். நீக்க மனமில்லாதவற்றைக் குடும்பத்தார் மட்டும் பார்க்குமாறு மாற்றலாம். பிறர் நம் பிள்ளையைப் படமெடுத்துப் போட்டிருந்தால் அவரிடம் மென்மையாகக் கூறலாம். கேளாவிட்டால் தளத்திலேயே புகார் அளிக்க வழியுண்டு.

நீதிமன்றம் ஒரு செயலியை மூன்று வாரம் நிறுத்திவைத்தது. அரசு அதை அறவே நீக்கியது. எந்த ஆணையும் நம் வீட்டு அடுப்படிக்குள் வந்து, பதிவேற்றும் விரலைப் பிடித்துக்கொள்ளாது. அங்கே இருப்பவர்கள் நாமும் நம் பிள்ளைகளும், நம்மைக் கண்காணிக்கும் அல்லாஹ்வும்தான். பிள்ளைகள் வளர்ந்து தம் முகம் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தேடிப்பார்க்கும் நாளில், நம் பெற்றோர் நம்மைக் காத்தார்கள் என்று துஆ செய்யும் நிலையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.