பனிக்கட்டி மேல் நடனம்! பரிசு கொடுப்பது எப்படி?

கடலூர் துறைமுகத்தில் ஐஸ் கட்டிக்கு என்ன வேலை? மீன் கெடாமல் காப்பதுதான் வேலை. அந்த ஐஸ் மேல் ஓர் ஆணும் பெண்ணும் கைகோத்து நடனம் ஆடுகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

குளிர் நாடுகளில் ஆடுகிறார்கள்! காலணியின் அடியில் கத்தி போன்ற இரும்புத் தகடு. அதன் மேல் நின்று வழுக்கி வழுக்கி ஆடுகிறார்கள். 1976 முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் இதற்குப் பதக்கமும் உண்டு.

சிதம்பரத்தில் 1981 முதல் நாட்டியாஞ்சலி நடந்து வருகிறது. மகா சிவராத்திரியை ஒட்டிப் பல ஊர்க் கலைஞர்கள் வந்து, நடராசப் பெருமானுக்குத் தங்கள் ஆடலைக் காணிக்கை ஆக்குகிறார்கள். அங்கே முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. காணிக்கைக்கு மார்க்கு ஏது?

ஆனால், பரிசு என்று வந்துவிட்டால் கேள்வியும் வந்துவிடும். "அவளுக்கு ஏன் முதல் பரிசு? எனக்கு ஏன் இல்லை?" இதற்குப் பதில் சொல்லப் பனி நடனக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இரண்டு ஆட்டம்

போட்டியில் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு முறை ஆட வேண்டும். முதல் ஆட்டம் சுமார் 3 நிமிடம். என்ன வகைத் தாளம் என்பதை உலகச் சங்கமே சொல்லிவிடும். இரண்டாவது ஆட்டம் சுமார் 4 நிமிடம். பாட்டு அவரவர் விருப்பம்.

பெண்ணைத் தூக்கி வீசுவது இதில் கூடாது. பல சுற்றுச் சுற்றித் தாவுவதும் இல்லை. கால் வேலையும் தாளமுமே முக்கியம். ஒற்றைக் காலில் சுழன்றபடியே இருவரும் ஒன்றுபோல் நகர வேண்டும். ஒருவர் விழுந்தால் ஒரு புள்ளி போய்விடும்.

மார்க்கு போடுவது யார்?

சிதம்பரம் கோபுர வாசலில் 108 கரணச் சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, இலக்கணம் உண்டு. பனி நடனத்திலும் அப்படியே. ஆடியது எந்த வகை, எவ்வளவு கடினம் என்பதை ஒரு குழு படம் பார்த்து முடிவு செய்கிறது. அதை எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்று 9 நடுவர்கள் மார்க்கு போடுகிறார்கள். மிக அதிகமான மார்க்கையும் மிகக் குறைந்த மார்க்கையும் நீக்கிவிட்டு, மீதி ஏழுக்கும் சராசரி எடுக்கிறார்கள்.

ஏன் இந்த மாற்றம்?

முன்பு 6 மார்க்குக்கு இத்தனை என்று மொத்தமாகப் போட்டு வந்தார்கள். 2002-ல் அமெரிக்காவில் நடந்த ஒலிம்பிக்கில், இன்னொரு பனிச்சறுக்குப் பிரிவான ஜோடிப் போட்டியில் ரஷிய ஜோடி முதலிடம் பெற்றது. நடுவர்கள் ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று புகார் கிளம்பியது. உலகமே சிரித்தது! கடைசியில் கனடா ஜோடிக்கும் தங்கம் கொடுத்தார்கள். 2004-ல் புதிய முறை வந்தது.

அப்போதும் ஒரு தவறு செய்தார்கள். எந்த நடுவர் எவ்வளவு போட்டார் என்பதை மறைத்தார்கள். நடுவரை யாரும் மிரட்டக்கூடாதாம்! மறைத்ததால் சந்தேகம்தான் வளர்ந்தது. 2016-ல் அந்தத் திரையை விலக்கினார்கள்.

2026 பிப்ரவரியில் இத்தாலி ஒலிம்பிக்கில் பிரெஞ்சு ஜோடி 1.43 புள்ளியில் அமெரிக்க ஜோடியை வென்றது. பிரெஞ்சு நடுவர் தம் நாட்டுக்குத் தாராளமாகப் போட்டார் என்று சர்ச்சை எழுந்தது. முடிவு மாறவில்லை. ஆனால் சர்ச்சை வெறும் வதந்தியாக இல்லை. எல்லாரும் மார்க்குத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள்!

நமக்கு என்ன?

நம் ஊர்ப் பள்ளிகளிலும் ஆண்டு விழா வருகிறது. குழந்தைகள் சலங்கை கட்டி ஆடுகிறார்கள். பரிசு கொடுப்பவர்கள் மார்க்குத் தாளையும் காட்டட்டும். தோற்ற குழந்தை அன்று அழத்தான் செய்யும். ஆனால், எங்கே தவறினோம் என்பது அதற்குத் தெரிந்திருக்கும். அடுத்த ஆண்டு அந்த இடத்தில் கால் தவறாது அல்லவா?