5 நாள் சண்டை. 15 மாத ஆட்சி!

1948-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி. ஐதராபாத் நிஜாமின் சேனாதிபதி எல் எட்ரூஸ், இந்திய தளபதி சவுத்ரியிடம் சரண் அடைந்தார். 13-ந் தேதி தொடங்கிய சண்டை 5 நாளில் முடிந்துவிட்டது. சர்க்கார் அதற்கு வைத்த பெயர் "போலீஸ் நடவடிக்கை". டாங்கிகளோடு போன போலீஸ்!

சண்டை ஏன் வந்தது? 1947-ல் வெள்ளையர் போனதும், நிஜாம் இந்தியாவோடு சேர மறுத்தார். காசிம் ரஜ்வியின் ரஜாக்கர் படை கிராமங்களில் கொள்ளையும் கொலையும் நடத்தியது. பட்டேல் பட்டாளத்தை அனுப்பினார்.

அன்றே சவுத்ரி ராணுவ கவர்னர் ஆனார். வயது 40. வங்காளி. லண்டனுக்கு அருகே சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர். ஒன்றரைக் கோடிக்கு மேல் ஜனங்கள் உள்ள சமஸ்தானம் அவர் கையில் வந்தது. நிஜாம் அரண்மனையிலேயே இருந்தார். ஆனால் உத்தரவு போட்டவர் சவுத்ரி.

பழிக்குப் பழி

சண்டை ஓய்ந்ததும் பெரிய துயரம் நடந்தது. ரஜாக்கர்கள் செய்த கொடுமைக்கு, ஒரு பாவமும் அறியாத முஸ்லிம் குடும்பங்கள் பழி வாங்கப்பட்டன. நேரு அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு ஊர் ஊராகப் போய் விசாரித்தது. 27 ஆயிரம் முதல் 40 ஆயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று கணக்கிட்டது. சில இடங்களில் ராணுவத்தாரும் போலீசாரும் கொள்ளையில் சேர்ந்தார்கள் என்றும் அது சொன்னது. இந்த அறிக்கையை சர்க்கார் பல்லாண்டு காலம் வெளியிடவில்லை. சவுத்ரியின் ஆட்சியைப் புகழ்கிறவர்கள் இதை மறைத்துவிட்டுப் புகழக்கூடாது.

ஜாகீர் ஒழிந்தது

புகழ வேண்டியதும் உண்டு. ஜாகீர் என்றால் நிஜாம் தம் பிரபுக்களுக்கு மானியமாகக் கொடுத்த ஊர்கள். அங்கே வரி வாங்குகிறவர் பிரபு. சில பெரிய ஜாகீர்களில் கோர்ட்டும் போலீசும்கூட அவருடையதே! சமஸ்தானத்தில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு நிலம் இப்படி இருந்தது.

1949 ஆகஸ்டு 15-ந் தேதி, சவுத்ரி ஆட்சி ஜாகீர் முறையை ஒழித்தது. பிரபுக்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. உழுதவனுக்கு உடனே நிலம் கிடைத்ததா? இல்லை. தேஷ்முக் என்ற பெரிய நிலக்காரர்கள் அப்படியே இருந்தார்கள். தெலுங்கானாவில் நிலத்துக்காகக் கம்யூனிஸ்டுகள் நடத்திய ஆயுதப் போராட்டத்தை ராணுவம் கடுமையாக அடக்கியது. அது 1951 வரை நீடித்தது. நிலப் பிரச்சினையைத் துப்பாக்கி தீர்க்காது என்பது சவுத்ரிக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஜாகீரில் கை வைத்திருப்பாரா?

1949 முடியும்போது சவுத்ரி பதவியை விட்டு இறங்கினார். சிவில் அதிகாரியான வெள்ளோடி ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். சவுத்ரி பட்டாளத்துக்கே திரும்பினார். 1962-ல் இந்தியாவின் தரைப்படைத் தலைவர் ஆனார்.

ஏறக்குறைய அதே காலத்தில் சாண்ட்ஹர்ஸ்டில் படித்த இன்னொருவர் அயூப்கான். அவர் 1958-ல் பாகிஸ்தான் ஆட்சியைப் பிடித்து, 1969 வரை விடவில்லை. 1965 யுத்தத்தில் ஒரு பக்கம் ஜனாதிபதியாக அயூப். மறு பக்கம் சாஸ்திரி சர்க்காரின் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட தளபதியாக சவுத்ரி.

ஐதராபாத்தில் 1952-ல் தேர்தல் நடந்தது. ஜனங்கள் ஓட்டுப் போட்டு, ராமகிருஷ்ண ராவ் முதல் மந்திரி ஆனார்.