பிரேக்குக்கு எதுக்கு பாஸ் பளபளப்பு?

ஆயுத பூஜை வந்தா உங்க வீட்டுல யாருக்கு வேலை ஜாஸ்தி? எங்க வீட்டுல எனக்குத்தான். அப்பா டாக்ஸி ஓட்டுறார். ‘மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற பொண்ணு இருக்கும்போது வாட்டர் வாஷுக்கு எதுக்குக் காசு?’னு சாவியை என் கையில கொடுத்துட்டு, பொரி வாங்கக் கிளம்பிட்டார்.

விடுவேனா? கடைக்கு ஓடி ஒரு பாலிஷ் கேன் வாங்கினேன். லேபிள் கிடையாது. ‘டயருக்கும் போடலாம், டேஷ்போர்டுக்கும் போடலாம்’னார் கடைக்காரர். போட்டேன். டயர், டோர் பீடிங், டேஷ்போர்டு, ஸ்டீயரிங்... அதோட நிறுத்தியிருக்கலாம். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பருக்கும் சேர்த்து ஒரு கோட்டிங்! வண்டி புது மாப்பிள்ளை மாதிரி ஜொலிச்சுது. சந்தனம், குங்குமம், வாழைக்கன்னு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம்னு பூஜை அமர்க்களம்.

மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு சவாரி. தெருமுனையில பால்காரர் சைக்கிள் குறுக்கே வர, அப்பா பிரேக்கை மிதிச்சார். செருப்பு வழுக்கிடுச்சு! ஹேண்ட் பிரேக்கை இழுத்ததுல, கார் மின்கம்பத்துல உரசி நின்னுது. பால்காரருக்கு ஒண்ணும் ஆகலை. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டலை. பழைய பனியனை சோப்புத் தண்ணியில நனைச்சு, பெடலைத் தேய்ச்சுட்டே இருந்தார். அதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

அந்தக் குற்ற உணர்ச்சியில ஆரம்பிச்சதுதான் இந்த ஆராய்ச்சி.

ஒரு ரப்பர் பேண்டை ரெண்டா வெட்டி, ஒரு துண்டைத் தண்ணியிலயும் இன்னொண்ணை டீசல்லயும் ஒரு ராத்திரி ஊறவிட்டேன். (அடுப்புப் பக்கம் வேண்டாம் மக்களே!) தண்ணித் துண்டு அப்படியே இருந்துது. டீசல் துண்டு ஊதிப் பெருத்து, இழுத்ததுமே அறுந்துடுச்சு. இயற்கை ரப்பருக்கும் பெட்ரோலிய எண்ணெய்க்கும் அவ்வளவு ‘நெருக்கம்’.

கடையில விக்கிற பாலிஷ்ல பொதுவா ரெண்டு விஷயம் இருக்கும். ஒண்ணு, பளபளப்பு தர்ற பொருள். பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய். இன்னொண்ணு, அதைச் சுமந்துட்டு வர்ற திரவம். அது தண்ணியாவும் இருக்கலாம், பெட்ரோலியக் கரைப்பானாவும் இருக்கலாம். ‘சிலிக்கோன் பட்டா ரப்பர் வெடிக்கும்’னு சில மெக்கானிக் அண்ணன்கள் சொல்வாங்க. பல நேரம் நிஜக் குற்றவாளி அந்தக் கரைப்பான்தான். பழி மட்டும் சிலிக்கோன் மேல!

டயர் கறுப்பா இருக்கக் காரணம் கார்பன் பிளாக். வெயில்ல வர்ற புற ஊதாக்கதிரைத் தாங்குறதுக்கும் அதுதான் துணை. அதோட, காத்துல இருக்கிற ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்காம இருக்க, டயர் தயாரிக்கும்போதே மெழுகும் ஒரு பாதுகாப்பு ரசாயனமும் கலக்குறாங்க. இது ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா மேலே கசிஞ்சு வந்து காவல் காக்கும். டயர் ஓரத்துல பழுப்பா ஒரு படலம் தெரியுதே, அதுல இந்தக் காவல்காரனுக்கும் பங்கு உண்டு. கரைப்பான் உள்ள பாலிஷை அடிக்கடி போட்டா, அவனையே துடைச்சு எடுத்துடுறோம். டோர் பீடிங் பல கார்கள்ல ஈ.பி.டி.எம். ரப்பர். வெயில், மழை, ஓசோன் எதுக்கும் அசராது. பெட்ரோலிய எண்ணெய் பட்டா மட்டும் உப்பிடும். மண்ணெண்ணெய், டீசல் தொட்டுக் கார் துடைக்கிறவங்க கவனிக்க!

சரி, எதைத்தான் வாங்குறது?

லேபிள் இல்லாத கேனைத் தொடாதீங்க. ‘பெட்ரோலியம் டிஸ்டிலேட்ஸ்’, ‘நாஃப்தா’னு எழுதியிருந்தாலோ, தீப்பிடிக்கும்னு எச்சரிக்கை இருந்தாலோ, மண்ணெண்ணெய் வாடை அடிச்சாலோ திருப்பிக் கொடுத்துடுங்க. ‘வாட்டர் பேஸ்டு’னு போட்டிருக்கிறது நல்லது. பெரும்பாலும் பால் மாதிரி வெள்ளையா இருக்கும். ஆனா நிறத்தை மட்டும் நம்பாம, லேபிளையும் படிங்க.

டேஷ்போர்டுக்கு பளபளப்பே இல்லாத ‘மேட்’ வகைதான் சரி. இல்லேன்னா உச்சி வெயில்ல டேஷ்போர்டோட பிம்பம் முன் கண்ணாடியில விழுந்து, ரோடு தெரியாது. முதல்ல ஷாம்பு போட்டுக் கழுவிக் காய விடுங்க. அப்புறம் ஸ்பாஞ்சுல கொஞ்சமா எடுத்துத் தடவி, மிச்சத்தைத் துணியால துடைச்சு எடுத்துடுங்க. நேரா ஸ்ப்ரே பண்ணினா, டிஸ்க் பிரேக் மேலயும் பெயின்ட் மேலயும் தெறிக்கும். சிலிக்கோன் பட்ட இடத்தைச் சரியாச் சுத்தம் பண்ணாம மறுபடி பெயின்ட் அடிச்சா, ஒட்டாம குழி குழியா நிக்கும். பெயின்டர்கள் அதுக்கு வெச்ச பேரு ‘மீன்கண்’.

கடைசியா, முக்கியமா... கை பிடிக்கிற இடம், கால் மிதிக்கிற இடம், ரோட்டைத் தொடுற இடம். இந்த மூணுக்கும் எந்த பாலிஷும் கூடாது. ஸ்டீயரிங், பெடல், டயரோட பட்டன் பகுதி எல்லாத்துக்கும் சோப்புத் தண்ணி போதும். பைக் வெச்சிருக்கிற பாஸ்களே, வளைவுல சாயும்போது டயரோட ஓரமும் ரோட்டைத் தொடும். அதனால உங்க டயருக்கு மேக்கப்பே வேண்டாம்.

இந்த வருஷமும் வண்டியை நான்தான் கழுவினேன். டயர் பக்கவாட்டுல மட்டும் லேசா ஒரு கோட்டிங். பளபளப்பு கம்மிதான். அப்பா ஒண்ணும் சொல்லலை. வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி செருப்பால பெடலை ஒரு தடவை தேய்ச்சுப் பார்த்தார். அன்னையிலேர்ந்து தினமும் அப்படித்தான் பார்க்குறார்.