எதிலிருந்து 15?

"டிரம்மில் சுழற்றிக் கழுவுறியா? நேரத்துல 15 சதவீதம் வெட்டிடு." கருப்பு-வெள்ளை பிலிம் கழுவக் கற்றுத்தரும் இடங்களில் பல வருடமாகக் கேட்டுச் சலித்த வாய்ப்பாடு இது. எந்த பிலிம், எந்த டெவலப்பர் என்று சொல்பவரும் கேட்பதில்லை, கேட்பவரும் சொல்வதில்லை.

சாட்சிக்கு பிலிம் நிறுவனமான இல்ஃபோர்டை இழுப்பார்கள். முன்கூட்டி நனைக்காமல் சுழற்றினால் 15 சதவீதம் வரை குறைக்கலாம் என்பதுதான் இல்ஃபோர்டின் குறிப்பு. உச்சவரம்பை இவர்களே சட்டமாக்கிவிட்டார்கள். சுழல் டிரம் தயாரிக்கும் ஜோபோவோ, பிலிமை ஐந்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தால், கையால் கவிழ்க்கும் டேங்குக்கான நேரத்தில் கைவைக்க வேண்டாம் என்கிறது. அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

ஓயாமல் அசைத்தால் வேலை வேகமாகுமாம். ஆகட்டும், யார் மறுத்தார்கள்?

என் கேள்வி, எதிலிருந்து 15 என்பது. இல்ஃபோர்டு முறையில் நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு கவிழ்ப்பு. கோடாக் முறையில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து முதல் ஏழு. இரண்டையும் டிரம்மின் ஓயாத சுழற்சியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஒன்றாகவா இருக்கும்? கரைசலின் செறிவு இன்னும் பெரிய சிக்கல். இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் பிலிமுக்கு ஐடி-11 டெவலப்பர் நீர்க்காமல் 7½ நிமிடம், 1+1 (ஒரு பங்கு மருந்துக்கு ஒரு பங்கு தண்ணீர்) என்றால் 13, 1+3 என்றால் 20. நீர்த்த டெவலப்பர், அசைக்காத இடைவெளிகளில் வெளிச்சப் பகுதிகளில் களைத்துப்போகும். நிழல் பகுதிகள் அதற்குள் எட்டிப்பிடிக்கும். அதற்காகத்தான் பலர் நீர்க்கவைக்கிறார்கள். சுழலும் டிரம்மில் அந்த இடைவெளியே கிடையாது. பிறகு நேரத்தை வெட்டி வெளிச்சத்தை அடக்குகிறார்கள், நிழலின் கதி?

அளவையும் பார்ப்போம். ஜோபோவின் 1520 டேங்கைச் சுழற்ற 240 மில்லி போதும், இரண்டு 35 மிமீ ரோல் போடலாம். 1+1 கரைசலில் அசல் டெவலப்பர் 120 மில்லி, ரோலுக்கு 60. கோடாக்கோ, தன் டி-76 டெவலப்பரின் 1+1 கரைசல் 237 மில்லியில் 36 பிரேம் ரோல் ஒன்றைக் கழுவினாலே நேரத்தை 10 சதவீதம் கூட்டச் சொல்கிறது. நம்மவர்கள் அதில் பாதி மருந்தில் 15 வெட்டுகிறார்கள். நெகட்டிவ் வெளிறி வந்ததும் பழி காலாவதியான பிலிம் மேல்.

5½ நிமிட நேரத்தில் 15 வெட்டினால் நாலே முக்கால்கூடத் தேறாது. ஐந்துக்குக் கீழே போனால் படம் சீராக வராது என்பது கோடாக்கின் பழைய எச்சரிக்கை.

சரியான நேரம் வேண்டுமென்றால், ஒரே காட்சியை ஒரு ரோல் முழுக்க எடுத்து, வெட்டி, வெவ்வேறு நேரத்தில் சுழற்றி, அச்சிட்டுப் பார்க்கலாம். எக்ஸ்டால் டெவலப்பருக்கு சுழல் டிரம் நேரங்களைத் தனி அட்டவணையாகவே கோடாக் அச்சிட்டிருக்கிறது. 15 சதவீதம் எல்லாவற்றுக்கும் பொருந்துமென்றால், கோடாக்கின் ராச்செஸ்டரில் அவ்வளவு மையை ஏன் வீணாக்கினார்களோ!