விலைக்கு வாங்கிய புராஜெக்டும் விளையாட்டாய் எழுதிய நிரலும்

இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணி மதிப்பீட்டு நாளன்று நடப்பது என்ன என்பதை ஆசிரியர்களும் அறிவர், மாணவர்களும் அறிவர். வருகைப்பதிவு மேலாண்மை, முகம் கண்டறிதல், நூலகப் பதிவேடு என்று ஆண்டுதோறும் அதே தலைப்புகள் மேடையேறுகின்றன. அவற்றுள் பல, நகரத்து 'புராஜெக்ட் சென்டர்'களில் நிரலும் அறிக்கையும் சேர்த்து விலைபேசி வாங்கப்பட்டவை. வாங்கியவருக்கு அந்நிரலின் பத்து வரிகளை விளக்கத் தெரியாது. ஆயினும் அறிக்கை பைண்டு செய்யப்பட்டிருக்கிறது, கையொப்பங்கள் இருக்கின்றன, மதிப்பெண் விழுந்துவிடுகிறது.

அதே வகுப்பின் கடைசி வரிசையில் இன்னொருவர் இருப்பார். விடுதி அறையில், பழைய மடிக்கணினியில், யாரோ எழுதிய கணினி விளையாட்டின் கோப்புகளைத் திறந்து, அதன் விதிகளையும் வரைபடங்களையும் பாத்திரங்களின் நடத்தையையும் மாற்றி, வேறோர் ஆட்டமாக ஆக்கியிருப்பார். இவ்வேலைக்கு 'மாடிங்' என்றும், அதில் விளைவதற்கு 'மாட்' என்றும் பெயர். விளையாட்டு நிரலாளர் ஆகவேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவரிடம் துறை சொல்வது ஒன்றுதான்: “விளையாட்டை விட்டுவிட்டுப் படி.”

இவ்வறிவுரை அக்கறையின் குரலில் வருகிறது. ஆனால் எது படிப்பு என்பது பற்றிய ஆழ்ந்த அறியாமை அதனுள் இருக்கிறது.

வரலாற்றைப் பார்க்கலாம். 1993இல் வெளியான 'டூம்', விளையாட்டின் எஞ்சினை ஒரு பக்கமும் வரைபடங்கள், ஒலிகள், உருவங்கள் ஆகியவற்றை 'வாட்' என்ற தனிக் கோப்பிலும் பிரித்து வைத்தது. எஞ்சினைத் தொடாமலே ஆட்டத்தை மாற்ற அது வழிவிட்டது. 1996இல் வந்த 'குவேக்', ஆட்டவிதிகளை 'குவேக்-சி' என்ற தனி மொழியில் எழுதி, அவற்றையும் மாற்ற இடங்கொடுத்தது. அவ்வாறு பிறந்ததுதான் 'டீம் ஃபோர்ட்ரஸ்'. அதை ஆக்கிய ஆஸ்திரேலிய இளைஞர்களை வால்வ் நிறுவனம் பணியில் சேர்த்துக்கொண்டது. அந்நிறுவனத்தின் 'ஹாஃப்-லைஃப்' கூட, குவேக் எஞ்சினை உரிமம் பெற்று விரிவாக மாற்றியமைத்த ஒன்றின்மேல் எழுந்ததே. கனடாவில் கணினி அறிவியல் மாணவராயிருந்த மின் லீ, ஜெஸ் கிளிஃபுடன் சேர்ந்து ஹாஃப்-லைஃபுக்கு எழுதிய மாட், 1999இல் 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' ஆனது. அன்று அவருக்கும் யாரேனும் விளையாட்டை விட்டுவிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கலாம்.

இவ்வெற்றிகளைக் காட்டி மட்டும் வாதிடுவது நேர்மையாகாது. மாடிங்கின் கல்வி மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. இந்தியப் பாடத்திட்டம் மாணவரை வெற்றுத் திரையின்முன் உட்காரவைத்து நிரல் எழுதச் சொல்கிறது. பணியிடமோ, எப்போதோ யாரோ எழுதிய பல லட்சம் வரிகளை அவர்முன் வைத்து, எதையும் உடைக்காமல் ஒன்றைத் திருத்தச் சொல்கிறது. பிறர் நிரலை வாசிப்பது, ஆவணமில்லாத கோப்பின் அமைப்பை ஊகித்தறிவது, பிழையின் ஊற்றைத் தேடிப் பின்னோக்கிச் செல்வது, புதிய பதிப்பு வந்தவுடன் முறிந்துபோனதைச் சீர்செய்வது, முகம் தெரியாத பயனர்களின் புகாருக்குப் பதில் சொல்வது: இவற்றில் எதற்கும் வகுப்பறைத் தாள் இல்லை. மாட் எழுதுபவர் இவற்றை அன்றாடம் செய்கிறார். மூலநூலை வரிவரியாகக் கற்று, அதன்மேல் உரை செய்தவர்களைப் புலவர்களாகப் போற்றிய மொழியில் இதை விளக்கவேண்டி வருவது வியப்புக்குரியது. பரிமேலழகரைப் பார்த்துச் 'சொந்தமாக ஒரு குறள் எழுதினீரா?' என்று எவரும் கேட்டதில்லை.

எனினும் துறையின் ஐயத்தில் பாதி உண்மையும் உண்டு. துப்பாக்கியின் நிறத்தை மாற்றுவதும், அட்டவணையில் ஓர் எண்ணை உயர்த்துவதும் நிரலாக்கம் ஆகா. மாடிங்கில் பெரிதும் பயன்படும் ஸ்கிரிப்ட் மொழிகள் நினைவக மேலாண்மையை மறைத்துவிடுகின்றன. நொடிக்கு 60 சட்டகம் ஓடவேண்டுமெனில், ஒரு சட்டகத்துக்குரிய கணக்கு முழுவதும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்குள் முடியவேண்டும். இந்நெருக்கடியை எஞ்சின் தாங்கிக்கொள்கிறது. மாட் எழுதுபவர் பெரும்பாலும் அதன் நிழலில் வாழ்கிறார். பல ஆண்டுகள் அந்நிழலிலேயே இருந்துவிட்டு நேர்காணலில் திசையன், அணி, சுட்டி பற்றிக் கேட்கும்போது திகைத்து நிற்பவர்கள் உண்டு. நேரியல் இயற்கணிதத்தில் அரியர் வைத்துக்கொண்டு, 'எனக்கு மாடிங் போதும்' என்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். திரையில் ஓர் உருவம் திரும்புவதே அந்தப் பாடத்தால்தான்.

இக்குறைக்கு மருந்து மாடிங்கைக் கைவிடுவதன்று, ஓரடுக்கு கீழே இறங்குவது. டூமின் மூலநிரல் 1997இலும் குவேக்கின் எஞ்சின் நிரல் 1999இலும் பொதுவெளிக்கு வந்துவிட்டன. 'மாரோவிண்ட்' விளையாட்டின் எஞ்சினைத் தன்னார்வலர்கள் புதிதாக எழுதிய 'ஓபன்-எம்டபிள்யூ'வின் நிரல் எவரும் வாசிக்கத் திறந்திருக்கிறது. டூமுக்கு விலையுயர்ந்த வரைகலை அட்டை வேண்டியதில்லை. விடுதி மடிக்கணினி போதும். நேற்றுவரை அரக்கனின் வேகத்தை மாற்றியவர், அந்த அரக்கன் சுவரில் முட்டிக்கொள்வதை எஞ்சின் எப்படிக் கண்டுகொள்கிறது என்று இன்று பார்க்கத் தொடங்கினால், அந்த இடத்தில் பொழுதுபோக்கு படிப்பாக மாறுகிறது. அவ்விடத்தைச் சுட்டிக்காட்டத்தான் ஆசிரியர் வேண்டும். 'விட்டுவிடு' என்று சொல்ல ஆசிரியர் வேண்டியதில்லை.

மறுபுறத்தில், 'மாட் எழுதிக்கொண்டே இரு, நிறுவனம் தானே அழைக்கும்' என்று ஆசைகாட்டுவோரையும் கண்டிக்கவேண்டும். அழைக்கப்பட்டோரின் பெயர்கள் எளிதில் நினைவில் நிற்கின்றன. அழைக்கப்படாதோருக்குப் பட்டியலே இல்லை. இவ்வூதியமில்லா உழைப்பை யூலியன் குக்லிச் 2005இலேயே 'பிளேபர்' என்ற சொல்லால் குறித்தார்: விளையாட்டும் உழைப்பும் பிரிக்கமுடியாதபடி கலந்த நிலை. 2015 ஏப்ரலில் 'ஸ்கைரிம்' மாட்களை விலைக்கு விற்கும் திட்டம் வந்தபோது, ஆக்கியவருக்கு 25 விழுக்காடுதான். எதிர்ப்பால் சில நாள்களிலேயே அது கைவிடப்பட்டது. 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டின் மாட் ஒன்றிலிருந்து 'டோட்டா' என்ற தனித்துறையே எழுந்தபின், 2020இல் அதன் மறுபதிப்போடு வந்த விதிகள், பயனர் ஆக்கும் ஆட்டங்களின் உரிமை முழுவதையும் பிளிசார்டு நிறுவனத்துக்கே எழுதிவைத்தன. தன் இரவுகளைக் கொடுக்கும் மாணவர், அவற்றின் விளைச்சல் யாருடைய களஞ்சியத்தில் சேர்கிறது என்பதை அறிந்தே கொடுக்கவேண்டும். கைக்கு எஞ்சுவது கற்ற கல்வி ஒன்றே. அக்கல்விக்குச் சான்றளிக்கும் அதிகாரம் நிறுவனத்திடம் இல்லை, பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது.

2022இல் ஒன்றிய அரசு அசைவூட்டம், காட்சி விளைவுகள், விளையாட்டு, காமிக்ஸ் ஆகியவற்றுக்குப் பணிக்குழு அமைத்தது. விளையாட்டுத் துறை வேலைவாய்ப்பு தரும் என்று மேடைகளில் முழங்கப்படுகிறது. கீழே, கணினி ஆய்வகத்தில் 'விளையாட்டு மென்பொருள் நிறுவத் தடை' என்ற தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஒருங்கே நம்பச் சொன்னால் மாணவர் எதை நம்புவார்?

ஆகவே கோரிக்கை எளியது. மாட்களை இறுதியாண்டுத் திட்டப்பணியாக ஏற்கவேண்டும், மூன்று நிபந்தனைகளோடு. மாற்றம் ஒவ்வொன்றும் பதிப்பு வரலாற்றில் தேதியோடு பதிவாகியிருக்க வேண்டும். மூலத்தில் இருந்தது எது, மாணவர் சேர்த்தது எது என்று அறிக்கை பிரித்துக் காட்டவேண்டும். வாய்மொழித் தேர்வில் எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் அவர் விளக்கவேண்டும். பதிப்புரிமை பற்றி அஞ்சுவோர் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வாசிக்கலாம்: முறையாகப் பெற்ற நிரலின் அடிப்படைக் கருத்துகளை அறிய, அதன் இயக்கத்தை உற்றுநோக்கி ஆராய்வதை அது மீறலாகக் கொள்வதில்லை. பரப்புவதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டும். அதைத் தேடிப் பெறுவதும், இசைவில்லாதவிடத்துத் திறந்த மூலநிரலைத் தேர்வதும் ஒரு பாடமே.

'இதையெல்லாம் மதிப்பிட யாருக்குத் தெரியும்?' என்ற கேள்வி எழும். விலைக்கு வாங்கிய புராஜெக்டை மதிப்பிடத் தெரிந்தவர்கள் அக்கேள்வியைக் கேட்கக் கூடாது. அந்த மூன்று நிபந்தனைகளையும் எல்லாத் திட்டப்பணிகளுக்கும் விதித்துப் பார்க்கட்டும். கடைசி வரிசை மாணவர் எழுந்து நின்று விடை சொல்வார். முதல் வரிசையில் எத்தனை பேர் சொல்வார்கள் என்பதே துறை அஞ்சவேண்டிய கேள்வி.